நீல் சிலையை எடுத்தது சரியா: காரைக்குடியிலிருந்து ஒரு விவாதம்

வாசகர் கேள்வி, ஆகஸ்ட் 4

மவுண்ட் ரோட்டில் நின்ற கர்னல் நீல் சிலையை 1937-ல் எடுத்தது தவறு என்பது என் கருத்து. சிலை போனதும் அவர் செய்த கொடுமையும் மறந்துபோனது. அங்கேயே விட்டுவிட்டுக் கீழே ஒரு பலகையில் உண்மையை எழுதியிருந்தால், போகிற வருகிறவர்கள் எல்லோரும் படித்திருப்பார்கள். இப்போது நீல் யார் என்று சென்னைக்காரர்களிடம் கேட்டால்கூட விழிக்கிறார்கள். அண்ணே, நீங்கள் காரைக்குடியில் பழைய சாமான் கடை வைத்திருக்கிறீர்கள். பழசைக் காப்பாற்ற வேண்டும் என்று எப்போதும் சொல்கிறவர். இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

ஆகஸ்ட் 4, இரவு

எடுத்தது சரிதான் தம்பி. பழசைக் காப்பாற்ற வேண்டும் என்பதிலும் மாற்றம் இல்லை. சிலையை யாரும் உடைத்து உருக்கிவிடவில்லையே, எழும்பூர் அருங்காட்சியகத்துக்குத்தானே போனது?

முதலில் பீடத்தில் என்ன பொறித்திருந்தார்கள் என்று பாருங்கள். துணிச்சலும் உறுதியும் தன்னம்பிக்கையும் உள்ள போர்வீரர். வங்காளத்தில் எழுந்த கலக வெள்ளத்தை முதலில் தடுத்து நிறுத்தியவர் என்று எல்லோராலும் ஒப்புக்கொள்ளப்பட்டவர். லக்னோ மீட்பில் 1857 செப்டம்பர் 25 அன்று 47 வயதில் புகழோடு வீழ்ந்தார். பொதுமக்கள் சந்தாவில் 1860-ல் நிறுவியது. இதுதான் அதன் சாரம். கொடுமையைப் பற்றி ஓர் எழுத்து இல்லை. சிலை நின்ற காலம் முழுக்க அந்தச் சாலையில் போனவர்களுக்கு அது சொன்னது இவ்வளவுதான். கொடுமையை ஊருக்குத் தெரிய வைத்தவர்கள், சிலையை எடுக்கச் சொல்லி 1927-ல் சிறைக்குப் போனவர்கள்.

ஆகஸ்ட் 5

நீல் என்ன செய்தார் என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். சுருக்கமாகச் சொல்ல முடியாது, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

ஜேம்ஸ் ஜார்ஜ் ஸ்மித் நீல் 1810-ல் ஸ்காட்லாந்தில் ஏர் நகரத்துப் பக்கம் பிறந்தவர். பதினேழு வயதில் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் சேர்ந்தார். அவருடைய பிரிவு மெட்ராஸ் ஃபியூசிலியர்ஸ். பெயரில் மெட்ராஸ் இருந்தாலும் அது வெள்ளைக்காரச் சிப்பாய்களின் படை. 1857 மே மாதம் மீரட்டிலும் டெல்லியிலும் புரட்சி வெடித்ததும் இவர்களைக் கப்பலேற்றிக் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். ஹவுராவில் தம் ஆட்கள் வந்து சேருவதற்குள் ரயில் கிளம்பப் பார்த்தது என்று ஸ்டேஷன் மாஸ்டரையே பிடித்து வைத்தவர் நீல். அவர் புகழைப் பாடுகிறவர்கள் இதை ஆசையாகச் சொல்வார்கள்.

அப்புறம் நடந்ததை அவ்வளவு ஆசையாகச் சொல்வதில்லை. ஜூன் தொடக்கத்தில் காசி, அடுத்து அலகாபாத். கலகம் செய்தவர், செய்யாதவர் என்ற பிரிவினையே இல்லாமல் மரங்களில் தூக்கு, ஊர் ஊராகத் தீ. அலகாபாத்திலிருந்து கான்பூருக்கு முன்னே அனுப்பிய மேஜர் ரெனாடின் படைக்கு எழுத்திலேயே கட்டளை கொடுத்தார்: குறிப்பிட்ட கிராமங்களைத் தாக்கி அழித்து அங்குள்ள ஆண்களைக் கொல்ல வேண்டும். ஃபதேபூரில் டெபுடி கலெக்டர் பிடிபட்டால் தூக்கிலிட்டுத் தலையை வெட்டி ஊரின் முக்கியமான கட்டடம் ஒன்றில் மாட்ட வேண்டும்.

ஜூலை கடைசியில் கான்பூர். பீபிகர் வீட்டில் வெள்ளைக்காரப் பெண்களையும் குழந்தைகளையும் வெட்டிக் கிணற்றில் போட்டிருந்தார்கள். அது பெரும்பாவம், அதற்கு நான் எந்தச் சமாதானமும் தேட மாட்டேன். பிடிபட்டவர்களைத் தூக்கில் போடுவதற்கு முன் அந்த வீட்டுத் தரையில் காய்ந்திருந்த ரத்தத்தை அவர்களே துடைக்க வேண்டும், மறுத்தால் சவுக்கடி என்று நீல் உத்தரவு போட்டார். நாவால் நக்க வைத்தார்கள் என்றும் பதிவாகியிருக்கிறது. அவரவர் சாதி, மதத்துக்கு எது தாங்க முடியாத இழிவோ அதைத் தெரிந்தே தேர்ந்தெடுத்தார்.

செப்டம்பரில் லக்னோவில் ஒரு வளைவு வாசலைத் தாண்டும்போது குண்டு பட்டுச் செத்தார்.

ஆகஸ்ட் 5, மறுபடியும்

"பீபிகரைப் பார்த்த ஆத்திரத்தில் செய்தது" என்று பள்ளத்தூரிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார். தேதியைப் பாருங்கள் ஐயா. பீபிகர் கொலை நடந்தது ஜூலை 15. அலகாபாத்தில் தூக்குப் போட்டதும் ஊர்களை எரித்ததும் ஜூன் மாதம். ரெனாடின் படை கிளம்பியது ஜூன் கடைசியில். பின்னால் நடந்த ஒன்று முன்னால் நடந்ததற்குக் காரணம் ஆகாது. இந்த ஒரு விஷயத்தை மட்டும் எத்தனை பேரிடம் சொன்னாலும் எனக்கு அலுக்காது. ஏனென்றால் நீலுக்காக வாதாடுகிற எல்லோரும் கடைசியில் பீபிகரில்தான் வந்து நிற்கிறார்கள்.

ஆகஸ்ட் 7

தேவகோட்டை நண்பர் ஒருவர், காமராஜர் அந்தச் சிலையை உடைக்கப் போய்ச் சிறை சென்றார் என்று எழுதியிருந்தார். அப்படி இல்லை. அப்போது அவருக்கு 24 வயது. போராட்டத்தின் அடுத்த கட்டத்தை நடத்தத் தயாராக இருந்தார், சென்னை வந்த காந்தியைப் பார்த்து ஒப்புதலும் கேட்டார். அதற்குள் நவம்பரில் சைமன் கமிஷன் அறிவிப்பு வந்து, நாட்டின் கவனம் முழுக்க அந்தப் பக்கம் திரும்பிவிட்டது.

போராட்டம் தொடங்கியது 1927 ஆகஸ்டில். மதுரையிலிருந்து போன முகமது சாலியா, சுப்பராயலு நாயுடு இருவரும் பட்டப்பகலில் சுத்தியலும் கோடரியுமாகச் சிலை மேல் ஏறினார்கள். கைது, சிறை. அதற்குப் பின் அணி அணியாகத் தொண்டர்கள். முன்நின்று நடத்தியவர் திருநெல்வேலி சோமயாஜுலு. கடலூர் அஞ்சலை அம்மாள் தன் சிறு மகள் அம்மாக்கண்ணுவையும் கூட்டிக்கொண்டு வந்து கைதானார். அந்தச் சிறுமியைக் காந்தி பிறகு தன் ஆசிரமத்துக்கு அழைத்துப்போய் லீலாவதி என்று பெயர் வைத்தார்.

சட்டமன்றத்தில் சிலையை அகற்றச் சொன்ன தீர்மானம் தோற்றது. பத்து வருடம் கழித்து, 1937-ல் ராஜாஜி பதவிக்கு வந்த பின், ஒரு சுத்தியல் அடிகூட இல்லாமல் சிலை இடம் மாறியது.

கேள்வி கேட்ட தம்பிக்கு: மறதி என்றால் எனக்கு இந்தப் பெயர்களைப் பற்றித்தான் கவலை. நீல் பெயரை வெள்ளைக்காரன் கல்லில் வெட்டிக் கொடுத்தான், அவர் ஊரான ஏரில் இன்னும் அவர் சிலை நிற்கிறது. சாலியா பெயரை நாம் எங்கே வெட்டினோம்? நம் வீட்டுப் பிள்ளைகளில் யாருக்காவது தெரியுமா?

ஆகஸ்ட் 7, இரவு

இன்னொன்று. மெட்ராஸ் ஃபியூசிலியர்ஸ் பிற்காலத்தில் ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸ் ஆகி, அயர்லாந்து தனி ஆட்சி பெற்ற 1922-ல் கலைக்கப்பட்டுவிட்டது. 1927-ல் போலீஸ் காவல் போட்டுக் காப்பாற்றியது, படையே இல்லாத ஒரு படைத்தலைவனின் சிலையை.

ஆகஸ்ட் 9

காந்தி பேச்சு வந்ததால் நம் ஊர்க் கதை ஒன்று. அந்த 1927 செப்டம்பரில் சென்னையில் நீல் சிலைத் தொண்டர்களைச் சந்தித்தார். கோரிக்கை நியாயம், ஆனால் வழி அகிம்சையாக இருக்க வேண்டும் என்று அவர்களிடம் சொன்னார். அதே மாதக் கடைசியில் செட்டிநாட்டுக்கு வந்துவிட்டார். கானாடுகாத்தான், காரைக்குடி, தேவகோட்டை என்று சுற்றினார். கானாடுகாத்தானில் அவர் பேசியது இன்றைக்கும் இங்கே சொல்லப்படும். வீடு நிறைய வெளிநாட்டு மேசை நாற்காலியும் அலங்காரச் சாமானுமாக இருப்பதைப் பார்த்துவிட்டு, இந்த மாளிகைகளுக்குச் சாமான் போடும் குத்தகையை என்னிடம் கொடுத்தால் பத்தில் ஒரு பங்குச் செலவில் இதைவிட வசதியாகவும் காற்றோட்டமாகவும் செய்து தருவேன் என்றார்.

அந்தச் சாமான்களில் மிச்சம் இருந்ததை வாங்கி விற்றுத்தான் என் அப்பாவும் நானும் பிழைத்தோம். அதனால் அந்தப் பேச்சு எனக்கு எப்போதும் கொஞ்சம் தைக்கும். சென்னையில் பிள்ளைகள் ஒரு வெள்ளைக்காரன் சிலைக்காகச் சிறையில் இருக்க, இங்கே வீட்டு முன்கூடமான பட்டாலையில் ஐந்தாம் ஜார்ஜ் படம் மாலையோடு தொங்கியது. பர்மாவிலும் மலேயாவிலும் கொண்டுவிற்ற, அதாவது தொழில் செய்த, நம்மவர்களுக்கு அந்தக் கொடி நிழல் தேவைப்பட்டது. நான் இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் இரண்டும் ஒரே மாதத்தில் நடந்தது என்பதை நாம் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 10

கானாடுகாத்தான் ஆச்சி ஒருவர் கோபப்பட்டு எழுதியிருக்கிறார். கதர் போட்டவர்களும் காங்கிரசுக்கு அள்ளிக் கொடுத்தவர்களும் இந்த வீடுகளில்தான் இருந்தார்கள் என்கிறார். உண்மை ஆச்சி, முழு உண்மை. காந்தி அந்தச் சுற்றுப்பயணத்தில் கதர் நிதிக்காகத்தானே வந்தார், நகரத்தார் வெறுங்கையோடு அனுப்பவில்லை. ஒரே வீட்டில் அப்பச்சி ஜார்ஜ் படம் மாட்டியிருக்க, மகன் கதர்க் குல்லாயோடு திரிந்திருக்கிறான். 1942 ஆகஸ்டில் தேவகோட்டையில் நீதிமன்றத்தைக் கொளுத்தி, திருவாடானைச் சிறையை உடைத்து விடுதலைப் போராளி சின்ன அண்ணாமலையை வெளியே கொண்டுவந்ததும் இந்தச் சீமை மக்கள்தான். அதற்குக் கொடுத்த உயிர்களும் நம்முடையவை.

ஆகஸ்ட் 13

பலகை யோசனைக்கு வருகிறேன். முதல் நாள் அதற்கு நேராகப் பதில் சொல்லவில்லை.

கடையில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். பங்காளிகள் வீட்டைப் பிரிக்கும்போது சாமான் வெளியே வரும். தேக்குப் பெட்டி, ஸ்வீடன் எனாமல் தூக்கு, ஜப்பான் பீங்கான், ரவி வர்மா படம், கூடவே ராஜா ராணி படங்களும் வரும். பட்டாலையில், வருகிறவர் தலை நிமிர்ந்து பார்க்கிற உயரத்தில் மாட்டியிருந்தபோது அந்த ராஜா வீட்டுக்குப் பெரியவர் மாதிரி இருந்திருப்பார். என் கடையில் அவர் சுவரோரம் தரையில் சாய்ந்திருக்கிறார், கழுத்தில் விலைச்சீட்டு. அதே படம், அதே சட்டம். ஆனால் இங்கே யாரும் அவருக்கு மரியாதை செய்வதில்லை. குனிந்து பார்க்கிறார்கள், எந்த ஊர் அச்சு, எந்த வருஷம் என்று கேட்கிறார்கள். அப்போதுதான் அவரைப் பற்றிய பேச்சே தொடங்குகிறது.

அதனால் பலகை போதும் என்று எனக்குத் தோன்றவில்லை. பத்தடி உயரத்தில் ஒருவனை நிற்க வைத்துவிட்டு, அவன் காலடியில் சின்ன எழுத்தில் "இவன் கெட்டவன்" என்று எழுதினால் கண் முதலில் எங்கே போகும்? பேருந்தில் போகிறவன் சிலையைத்தான் பார்ப்பான். பலகை படிக்க இறங்க மாட்டான்.

அருங்காட்சியகத்தில் பலகை வேண்டும் என்றால் முழுமனதாக ஒப்புக்கொள்கிறேன். அங்கே பெரிதாகவே எழுதட்டும். ஒரு பக்கம் ரெனாடுக்குக் கொடுத்த கட்டளை, இன்னொரு பக்கம் சாலியாவும் சுப்பராயலுவும் அஞ்சலை அம்மாளும். சிலை செய்த சிற்பி மேத்யூ நோபிள் பெயரும் இருக்கட்டும், வேலை நல்ல வேலை.

ஆகஸ்ட் 14

"அப்படியானால் மன்றோவையும் எடுப்பீர்களா?" இது நல்ல கேள்வி. இதை எதிர்பார்த்துக்கொண்டே இருந்தேன்.

தாமஸ் மன்றோவும் கம்பெனிப் படையில் சேர வந்த பையன்தான், 1780-ல். மைசூர்ப் போர்களில் சண்டை போட்டவர். அவருடைய குதிரைச் சிலை 1839-லிருந்து சென்னைத் தீவுத்திடலில் நிற்கிறது. அங்கவடி இல்லாத குதிரை என்று எல்லோருக்கும் அடையாளம் தெரியும். ஆனால் மன்றோ என்ன சொல்லி நினைக்கப்படுகிறார்? ராயலசீமையில் ஊர் ஊராகக் கூடாரம் போட்டு உட்கார்ந்து நிலத்தை அளந்து, ஜமீன்தார் குறுக்கே வராமல் குடியானவனிடமே பட்டா கொடுத்தவர் என்று. 1827-ல் கவர்னராக இருக்கும்போதே பத்திகொண்டாவில் காலரா வந்து செத்தார். அந்தப் பக்கம் பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். ரயத்துவாரி என்ற அந்த முறையிலும் வரிச்சுமை கடுமைதான், அதையும் சொல்லத்தான் வேண்டும். இருந்தாலும் அவர் சிலையை எடுக்கச் சொல்லி ஒரு தாய் தன் மகளோடு சிறைக்குப் போகவில்லை. 1927 தொண்டர்கள் வெள்ளைக்காரன் என்பதற்காக மட்டும் சிலையைக் குறிவைத்திருந்தால் மன்றோ அங்கிருந்து கூப்பிடு தூரம். அவரைத் தொடவில்லை. இதிலிருந்தே அவர்கள் யோசித்துச் செய்தார்கள் என்று தெரிகிறது.

ஆகஸ்ட் 14, பின்சேர்க்கை

அந்தமான் போய்வந்தவர் கேட்டதற்கு: ஆமாம், நீல் தீவு இவர் பெயர்தான். 2018 டிசம்பரில் ஷஹீத் தீவு என்று மாற்றினார்கள்.

ஆகஸ்ட் 18

நினைவு இருக்கச் சிலை வேண்டும் என்பவர்களை நான் திருப்பத்தூருக்கும் காளையார்கோயிலுக்கும் வரச் சொல்கிறேன்.

மருது சகோதரர்களை எதிர்த்துப் படை நடத்தியவர் கர்னல் அக்னியூ. 1801-ல் காளையார்கோயிலுக்குக் காட்டை வெட்டிப் பாதை போட வாரக்கணக்காக மல்லுக்கட்டி, முடியாமல் திரும்பி, மறுபடி பல பக்கமாக வந்து அக்டோபர் 1 அன்று பிடித்தார். அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் பெரிய மருதுவையும் சின்ன மருதுவையும் குடும்பத்தாரோடும் ஆட்களோடும் தூக்கிலிட்டார்கள். சின்ன மருதுவின் மகன் துரைச்சாமி, பதினைந்து வயதுப் பையன், எழுபதுக்கும் மேற்பட்டவர்களோடு பினாங்குக்கு நாடுகடத்தப்பட்டான். அக்னியூவுக்கு இங்கே யாரும் சிலை வைக்கவில்லை. அதனால் அவர் செய்தது மறந்துபோனதா? இந்தப் பக்கத்தில் எந்த ஊர்க் கிழவரைக் கேட்டாலும், கோயில் கோபுரத்தை இடித்துவிடுவார்களே என்று மருதிருவர் தங்களையே ஒப்புக்கொடுத்த கதையைச் சொல்வார். அக்டோபர் வந்தால் காளையார்கோயிலில் சமாதி முன் நிற்கிற கூட்டத்தைப் பாருங்கள்.

இதில் என்னை மிகவும் கலங்க வைக்கிற ஆள் ஜேம்ஸ் வெல்ஷ். அக்னியூவின் படையில் இருந்த அதிகாரி. அதற்குச் சில வருடம் முன்னால் மதுரையில் இருந்தபோது சின்ன மருதுவோடு பழகியவர். ஈட்டி எறியவும் வளரி வீசவும் அவருக்குக் கற்றுக்கொடுத்ததே சின்ன மருதுதான். காரைக்குடிக்குப் பக்கத்துச் சிறுவயலில் இருந்த சின்ன மருதுவின் வீட்டில் வாசலில் காவல் இல்லை, யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம் என்று எழுதியிருக்கிறார். அதே மனிதரைக் காட்டு விலங்கு போலத் துரத்தி, தொடை எலும்பு முறிந்து கிடந்ததையும், கடைசியில் அண்ணனோடும் மகனோடும் தூக்குமரத்தில் தொங்கியதையும் பார்க்க வேண்டியதாயிற்றே என்று 1830-ல் வெளிவந்த தம் நினைவுக்குறிப்புகளில் வருந்தினார். 1818-ல் பினாங்கு போனபோது, தளர்ந்து உருக்குலைந்த துரைச்சாமியையும் பார்த்தார்.

வெல்ஷும் படையெடுத்து வந்தவர்தான், நல்லவர் என்று நான் சான்று கொடுக்கப் போவதில்லை. ஆனால் அவர் எழுதியதில் சின்ன மருதுவுக்கு முகம் இருக்கிறது. நீல் சிலையின் பீடத்தில் தூக்கில் தொங்கியவர்களுக்கு முகமே இல்லை, அவர்கள் வெறும் "வெள்ளம்". எனக்கு ஆறாதது அதுதான்.

ஆகஸ்ட் 22

பேச்சு எங்கோ போய் எங்கோ வந்தாலும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். கோட்டையூர்ப் பக்கத்து வாசகர் ஒருவர் எழுதுகிறார். பூர்வீக வீட்டு முகப்பில் கஜலட்சுமிக்கு இரண்டு பக்கமும் துப்பாக்கி பிடித்த வெள்ளைக்காரச் சிப்பாய்ச் சுதை இருக்கிறதாம். மழையில் ஒன்றின் கை விழுந்துவிட்டது. பழுதுபார்க்கிற சமயத்தில் இரண்டையுமே எடுத்துவிட்டுப் பூச்சாடி வைத்துவிடலாமா என்று இளைய தலைமுறை கேட்கிறது, பெரியவர்கள் ஒப்பவில்லை. இத்தனை புள்ளிகள் (பங்குள்ள குடும்பங்கள்) சேர்ந்த வீட்டில் ஒரு முடிவுக்கு வருவது லேசில்லை, எனக்குத் தெரியும்.

என் கருத்து: எடுக்க வேண்டாம். அந்தச் சிப்பாய்க்குப் பெயர் இல்லை, பீடம் இல்லை, புகழுரை இல்லை. நம் கொத்தனார் அவனைக் காவலுக்கு நிறுத்தியிருக்கிறார், லட்சுமிக்கு வாயிற்காவல். ஐயனார் கோயிலிலும் இப்படிச் சிப்பாய் உருவம் உண்டு. அந்தக் காலத்தில் கண்ணில் பட்ட அதிகாரத்தை நம்மவர் பிடித்து வேலைக்கு வைத்துக்கொண்டார்கள் என்றுதான் நான் படித்துக்கொள்கிறேன். நீல் விஷயம் வேறு. அது ஆட்சி செய்தவன் தன் ஆளுக்கு, ஆளப்பட்டவன் கண்முன் வைத்தது.

வேறு மாதிரி நினைக்கிறவர்களும் இருக்கலாம். துப்பாக்கி பிடித்தவனை வாசலில் பார்த்துப் பார்த்துக் குழந்தைகள் வளர வேண்டாம் என்று அந்த வீட்டு மருமகள் ஒருவர் சொன்னாராம். அதில் நியாயம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். முடிவு அந்த வீட்டாருடையது. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன், எடுப்பதாக இருந்தால் முதலில் நாலு பக்கமும் படம் எடுத்து வையுங்கள், யார் கட்டியது, எந்த வருஷம் என்று தெரிந்த பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். உருவத்தை உடைக்காமல் இறக்குங்கள்.

ஆகஸ்ட் 23

எடுப்பதில்லை என்று முடிவாகியிருக்கிறது, சந்தோஷம். கை ஒட்டுவதற்குச் சிமெண்ட் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே கூடாது. சிமெண்ட் இறுகி, பழைய சுண்ணாம்போடு ஒட்டாமல், உள்ளே நீரைத் தேக்கி அடுத்த மழையில் தோளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழும். சுண்ணாம்பை நன்றாக நீற்றி, சலித்த மணல் சேர்த்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டு அரைத்து மெல்லிய பூச்சாகப் பல தடவை ஏற்ற வேண்டும். ஒவ்வொரு பூச்சும் காய்ந்த பிறகே அடுத்தது. உள்ளே இரும்புக் கம்பி துருப்பிடித்திருந்தால் அதை முதலில் மாற்றிவிடுங்கள். கோயில் கோபுரத்தில் சுதை வேலை பார்த்த கொத்தனாராகப் பாருங்கள், வீட்டுப் பூச்சு வேலைக்காரரிடம் கொடுக்காதீர்கள். ஐப்பசி மழைக்குள் முடித்துவிடுவது நல்லது.